நாலில் ஒன்று

சுங்கைப்பட்டாணி
12-1-1956

தம்பி கலியாணசுந்தரத்துக்கு,

அக்கா கமலவேணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ வருவாய் என்று உன் மகள் கோகிலா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நீ வரமாட்டாய் என்று நான் சொல்லிவிட்டேன். போன தீபாவளிக்குக் காட்டுக் கம்யூனிஸ்டுகள் ரயிலில் குண்டு வைக்கிறார்கள் என்றாய், அதற்கு முன் ஊரடங்கு என்றாய். இந்த முறை என்ன வைத்திருக்கிறாய்?

நம் பேத்தி மல்லிகாவுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்க்க ரப்பர் தோட்டத்துச் சனமே வந்து போகிறது. துரை பங்களா ஆயா மருதாயி நேற்று வந்து, “ஏயப்பா, மூஞ்சியில பாதி கண்ணுதாம்மா! யாரு வூட்டுக் கண்ணு இது?” என்றாள். “எங்க வூட்டுக் கண்ணுதான், கடையிலயா வாங்கிட்டு வந்தோம்?” என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் போனதும் சுற்றிப் போட்டேன். கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று மைப்பொட்டு வைத்திருக்கிறேன்.

கண்ணில் எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கிறது. கோகிலா தாய்ப்பால் இரண்டு சொட்டு விடுகிறாள். வெளியே தூக்கிப் போனால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்கிறது. வெட்கமாம், என் மகன் தியாகு சொல்கிறான். நாலு மாதக் குழந்தைக்கு என்ன வெட்கம்?

நீ இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி வைத்து ரத்தமும் சளியும் பார்த்தவன். அதற்காகச் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

அக்கா


காஜா பெராங், மலாக்கா
24-2-1956

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கலியாணசுந்தரம் எழுதுவது. உங்கள் கடிதம் ஜனவரி 16ஆம் தேதி கிடைத்தது. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மன்னிக்க வேண்டும்.

திங்கட்கிழமை இங்கே கடற்கரைத் திடலில் பெருங்கூட்டம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுதந்திரம் என்று அறிவித்தார்கள். நான் போகவில்லை. கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டும். பக்கத்து வீட்டு, தமிழ் மறந்த செட்டி சமூகத்து அம்மாள் போய்வந்து மலாயில் சொல்லக் கேட்டேன்.

மல்லிகாவைப் பற்றி மூன்று விவரம் தெரிந்தால் நல்லது. ஒன்று, கண்ணில் வருவது வெறும் தண்ணீரா, சீழும் சேர்ந்ததா? இரண்டு, அவள் ஆட்களைக் கண்டு முகத்தை மறைக்கிறாளா, வெளிச்சத்தைக் கண்டா? ஆள் இல்லாத இடத்தில் சன்னலைத் திறந்து பார்த்தால் தெரியும். மூன்று, கருவிழி தெளிவாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா?

இதையெல்லாம் கேட்பதால் ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நான் டாக்டர் அல்லன். வெறும் ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். பதில் எழுத நேரமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தம்பி


சுங்கைப்பட்டாணி
9-3-1956

தம்பிக்கு,

கலியாணத்தின்போதும் நீ இப்படித்தான் செய்தாய். தியாகுவுக்குப் பெண்ணைக் கொடுக்கிறாயா என்று கேட்டால் கொடுக்கிறேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல், “யோசிக்கலாம் அக்கா, ரொம்ப நெருங்கின சொந்தமா இருக்கே” என்று முனகினாய். அதற்காக ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது பேத்தி விஷயத்தில் பரீட்சைத் தாள் அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதிக்கொள்.

வெறும் தண்ணீர்தான். சீழ் இல்லை. ஆளைக் கண்டு இல்லை, வெளிச்சத்தைக் கண்டுதான். சன்னலைத் திறந்தேன், வீரிட்டாள். கருவிழி காலையில் லேசாக ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. மத்தியானம் தெளிகிறது. சில நாள் தெளிவதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருதமுத்து பார்த்துவிட்டு, “சூட்டுக் கண்ணும்மா. தாய்க்காரியை மோர் குடிக்கச் சொல்லுங்க. கண்ணு என்னமா பெரிசா இருக்கு, சினிமாக்காரி தோத்தா போங்க” என்கிறார்.

ஏதாவது இருந்தால் நேராக எழுது. சுற்றி வளைக்காதே. ஆனால் வழக்கமாக உன் கடிதத்தைக் கோகிலாவும் படிக்கிறாள், போன கடிதத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அவள் பயப்படுகிற மாதிரி எதுவும் எழுதாதே.

அக்கா


காஜா பெராங், மலாக்கா
20-3-1956

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் தெளிவாக இருந்தது. புத்தகங்களைப் பார்த்தேன். வெளிச்சத்தில் கூச்சம், கருவிழியில் மங்கல் ஆகியவை வைட்டமின் ஏ குறைவினால் வரக்கூடும். இந்த நாட்டில் குழந்தைகளுக்கு அது சாதாரணம். உங்கள் பக்கம் அரிசியைக்கூட அளந்து கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். தாய்க்குச் சத்தில்லாமல் குழந்தைக்கு எப்படிக் கிடைக்கும்?

தெங்கேராவில் ஹாஜாவின் கடையில் நல்ல மீனெண்ணெய் வந்திருந்தது. இரண்டு புட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையில் அரைக் கரண்டி, மாலையில் அரைக் கரண்டி. கோகிலா தினமும் ஒரு கரண்டி குடிக்கட்டும். தீர்வதற்குள் அடுத்த இரண்டு புட்டியை அனுப்பிவிடுவேன். மாதம் ஒருமுறை கருவிழியின் நிலையைக் குறித்து வையுங்கள், நாலு மாதம் கழித்துச் சேர்த்து எழுதினால் போதும்.

பயப்பட ஒன்றும் இல்லை.

தம்பி


சுங்கைப்பட்டாணி
30-7-1956

தம்பிக்கு,

எட்டாவது புட்டியும் தீர்ந்துவிட்டது. ஒரு வேளை தவறவில்லை. துப்பினாலும் மூக்கைப் பிடித்து ஊற்றுகிறோம். வீடே மீன் பாசார் மாதிரி நாறுகிறது என்று தியாகு முகம் சுளிக்கிறான்.

நீ சொன்னபடி குறித்து வைத்ததை எழுதுகிறேன். ஏப்ரலில் ஆவி படிந்த மாதிரி. மே மாதத்தில் நீலம் பாய்ந்த வெள்ளை. ஜூனில் வலது கண் பூராவும் பால். ஜூலையில் இடது கண்ணிலும் பாதி. இரண்டும் இன்னும் பெரிதாகிவிட்டன. இமை மூடினாலும் நடுவே கொஞ்சம் தெரிகிறது. கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புகிறாள். ஆட்டாமல் முகத்துக்கு நேரே பிடித்தால் சும்மா இருக்கிறாள். பத்து மாதக் குழந்தை. தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுகிறாள்.

மருதாயி இப்போது வருவதில்லை. யாரும் வருவதில்லை.

எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கலாமா?

அக்கா


காஜா பெராங், மலாக்கா
4-8-1956

அன்புள்ள அக்காவுக்கு,

என் தந்தி இதற்குள் வந்திருக்கும். மல்லிகாவை உடனே பினாங்குக்குக் கண் டாக்டரிடம் கொண்டுபோங்கள். எண்ணெயை நிறுத்துங்கள்.

பெரிய கண் அழகில்லை, அக்கா. அது வீக்கம். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறி, ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியாக வெளியேற வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த வடிகால் பிறக்கும்போதே சரியாக அமைவதில்லை. நீர் தேங்கி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குழந்தையின் கண் மெத்தென்றிருப்பதால் அழுத்தத்துக்கு இளகிப் பெரிதாகிறது. பிறகு பின்னாலுள்ள நரம்பு நசுங்கிச் செத்துப்போகிறது. வடிகாலைக் கத்தியால் திறந்துவிடச் சிகிச்சை உண்டு. முதல் சில மாதங்களில் செய்தால் பார்வை பல பேருக்குத் தங்குகிறது.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தாலும் தகும். மார்ச் மாதம் வைட்டமின் பக்கத்தைப் பார்த்த அன்றே இந்தப் பக்கத்தையும் பார்த்தேன். அதில் வந்த படம் நீங்கள் எழுதிய குழந்தைதான். புத்தகத்தை மூடிவிட்டேன். வைட்டமின் குறைவென்றால் யாருக்கும் வருத்தமில்லை, கடையில் மருந்தும் கிடைக்கிறது. அது பொருந்தாமல் போனால் பிறகு மற்றதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். முறையாகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ள நாலரை மாதம் எடுத்துக்கொண்டேன்.

தம்பி


சுங்கைப்பட்டாணி
2-9-1956

தம்பிக்கு,

பட்டவொர்த்தில் பெரிக் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்வந்தோம். டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். அங்கே நர்ஸாக இருக்கும் மிஸி மும்தாஜ் நாகூர்ப் பக்கத்துப் பெண், அவள்தான் தமிழில் சொன்னாள்.

“எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு கேக்குறாரும்மா.”

“ரெண்டு மாசமாத்தான்” என்றேன். உன் மகளும் என் மகனும் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வது? அவர்களுக்குக் கண் பெரிதாக இருந்தது அழகு, வெள்ளை விழுந்தது ஜூனில். நாம் இரண்டு பேரும் பரீட்சை எழுதியது அவர்களுக்குத் தெரியாது. மார்ச் மாதத்திலிருந்து உன் கடிதத்தை நானே வாங்கி நானே பெட்டியில் வைக்கிறேன்.

டாக்டர் நம்பவில்லை. ஏதோ கோபமாகச் சொன்னார். மிஸி அதை அப்படியே சொல்லாமல், “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்னு சொல்றாரு” என்றாள். வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணில் சதை கீறிப் பார்க்கிறாராம். வரும் பன்னிரண்டாம் தேதி.

இன்னொன்று கேட்டார். “தாயும் தகப்பனும் சொந்தமா?”

“ஆமா, என் தம்பி மகதான்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

எதற்குக் கேட்டார்? உனக்குத் தெரியும். எழுது. கோபத்தையெல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


காஜா பெராங், மலாக்கா
30-9-1956

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆஸ்பத்திரியிலிருந்த ஆங்கிலேய டாக்டர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகிறார். தம் மருத்துவ இதழ்களை இரண்டு பெட்டி நிறைய எனக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வாரமாக அவற்றையே படிக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு என்னால் இயன்ற பதில் இது. பாதி தெரிந்தது, பாதி யூகம். எது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

தெரிந்தது. நம் உடம்பின் உயிரணுக்களில், சிறப்பாகக் கல்லீரலில், நொதிகள் இருந்து வேலை செய்கின்றன. வந்து சேரும் பொருளோடு பிராணவாயுவைச் சேர்த்து அதை வேறு பொருளாக மாற்றுவது அவற்றில் சிலவற்றின் தொழில். சுரப்பிகளில் ஊறும் ஹார்மோன் வேலை முடிந்ததும் ரத்தத்தில் சும்மா சுற்றக் கூடாது, அதை மாற்றி வெளியேற்றியாக வேண்டும். கொழுப்பிலிருந்து வரும் அமிலங்களையும் வேண்டிய வடிவத்துக்குத் திருத்த வேண்டும். வைட்டமின் ஏ கூட நாம் விழுங்கிய உருவத்திலேயே பயன்படுவதில்லை.

யூகம். இந்த மூன்றையும் ஒரே நொதி தொடக்கூடும் என்று தோன்றுகிறது. இங்கே ஆற்று முகத்தில் சுங்கக் குமாஸ்தா ஒருவரே தொங்கான் படகுகளில் வரும் அரிசி, எண்ணெய், கருவாடு எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிறார். அவர் வரவில்லையென்றால் சரக்கு வந்தும் கடைக்குப் போகாது. கருவில் கண் உருவாகும் வாரங்களில் அப்படி ஒரு குமாஸ்தா இல்லாமல் போனால் வடிகால் சரியாக அமையாமல் இருக்கலாம். எந்த நூலிலும் இதை நான் காணவில்லை. மூன்று கட்டுரைகளை அருகருகே வைத்து நானாக எண்ணியது. ஆனால் இது உண்மையானால், நான் அனுப்பிய எட்டுப் புட்டியும் முத்திரையில்லாச் சரக்கு. கருவிலேயே தவறிப்போனதை எத்தனை கரண்டி ஊற்றியும் திருத்த முடியாது.

இனி வருவது தெரிந்தது. இந்த நோய் பல குடும்பங்களில் சொந்தத்துக்குள் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் உடம்பில் இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. நம் பெற்றோரிடமிருந்து ஒரு கெட்ட குறிப்பு உங்களிடமும் வந்தது, என்னிடமும் வந்தது. நீங்கள் அதைத் தியாகுவுக்குக் கொடுத்தீர்கள், நான் கோகிலாவுக்குக் கொடுத்தேன். அவர்கள் கண்ணும் நன்றாகவே இருக்கிறது. இரண்டும் மல்லிகாவிடம் வந்து சேர்ந்தன. யாரும் எதையும் தின்றதாலோ தின்னாததாலோ இல்லை. பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று கோகிலாவை ஒரு சொல் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அவர்களுக்கு இனிப் பிறக்கும் குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு இதே வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்பதல்ல. ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்று. இதைக் கோகிலாவிடமும் தியாகுவிடமும் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியதுதான். என்னால் இயலவில்லை.

தம்பி


சுங்கைப்பட்டாணி
15-1-1957

தம்பிக்கு,

இரண்டு முறை கீறினார்கள். இடது கண்ணும் போய்விட்டது. விளக்கைக் கொண்டுபோனால் சில வேளை தலையைத் திருப்புகிறாள், சில வேளை இல்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். தலையை முட்டிக்கொண்டு அழுவது நின்றுவிட்டது. அது ஒன்றுதான் லாபம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்து அடுப்பில் போட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நமக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், அப்பாசாமி. நீ பிறப்பதற்கு முன்பே, ஆறு வயதில் போய்விட்டான். அம்மை போட்டுக் கண் போனதாக வீட்டில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அம்மை இல்லை. எனக்கு அப்போது நாலு வயது, எனக்கு நினைவிருக்கிறது. அவன் கண் உருண்டையாக, வெள்ளையாக, வெளியே வந்து நிற்கும். கைக்குழந்தையாக இருந்தபோது ஊரே வந்து அந்தக் கண்ணைப் பார்த்ததாக அம்மா சொல்வாள். நம் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தானே.

மல்லிகாவைப் பார்க்க மருதாயி வந்து, யார் வீட்டுக் கண் என்று கேட்டாளே, அன்றைக்கே எனக்கு அவன் முகம் வந்தது. அதனால்தான் சும்மா எழுதுகிறேன் என்று எழுதினேன். நீ பயப்பட ஒன்றும் இல்லை என்று பதில் போட்டாய். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. மாமியாரும் தகப்பனும் சேர்ந்து தன் பிள்ளையைக் குருடாக்கினார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண் யார் வீட்டில் இருப்பாள்? நீயும் வாயைத் திறக்காதே. எல்லாம் விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தாங்கக்கூடியது.

அக்கா


காஜா பெராங், மலாக்கா
10-9-1957

அன்புள்ள அக்காவுக்கு,

கோகிலாவும் மல்லிகாவும் நேற்று ரயிலில் புறப்பட்டார்கள். இதற்குள் வந்து சேர்ந்திருப்பார்கள். இருபது நாள் என்னோடு இருந்தார்கள். சுதந்திர நாளன்று இங்கே வாணவேடிக்கை. தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா ஒவ்வொரு வெடிக்கும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். என்னைத் தொட்டுத் தொட்டே அடையாளம் வைத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டால் நான்தான் என்று தெரிந்துவிடுகிறது அவளுக்கு.

மறுநாள் காலை, பசியாறிக்கொண்டிருந்தோம். கோகிலா சொன்னாள், “அப்பா, நீங்க ஒருத்தர்தான் ஏதோ செஞ்சீங்க. மாசா மாசம் எண்ணெய் அனுப்பினீங்க. அங்க எல்லாரும் கண்ணு அழகு, கண்ணு அழகுன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தோம்.”

நான் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

“நீங்க படிச்சவங்க. உங்ககிட்டத்தான் கேக்கணும்னு வந்தேன். அடுத்தது பொறந்தா நல்லா இருக்கும்ல?”

ஒரு வருஷமாக அந்த எண்ணைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். நாலில் ஒன்று. சொல்ல இரண்டு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், எப்படித் தெரியும், எப்போது தெரிந்தது என்று அடுத்துக் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் தேதி வாரியாக இருக்கிறது.

“நல்லா இருக்கும்மா” என்றேன்.

“நிச்சயமாவாப்பா?”

“நிச்சயமா.”

என் வாழ்நாளில் நான் எதையும் நிச்சயம் என்று சொன்னதில்லை. அவளுக்கும் அது தெரியும். அதனாலேயே நம்பிவிட்டாள். எழுந்துவந்து என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத முடியவில்லை. அவளிடம் நீங்களாவது சொல்லுங்கள். அவர்கள் இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படும் முன் சொல்லுங்கள்.

தம்பி


சுங்கைப்பட்டாணி
6-10-1957

தம்பிக்கு,

உன் கடிதம் தாமதம். கோகிலா உன்னிடம் வரும்போதே இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. எங்களிடமும் சொல்லவில்லை. கலைத்துவிடலாமா என்று தோட்டத்து லயத்து மருத்துவச்சியிடம் ரகசியமாகக் கேட்டு வைத்திருக்கிறாள். “எதுக்கும் எங்க அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அந்த மருத்துவச்சியே என்னிடம் சொன்னாள்.

இப்போது நாலாவது மாதம். இனி எதைச் சொல்லியும் ஆகப்போவதில்லை. சொன்னால் பங்குனி வரைக்கும் அவள் தினமும் செத்துப் பிழைப்பாள்.

வாந்தி நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள். பழைய சேலையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி தைக்கிறாள். மல்லிகாவை வயிற்றில் கை வைக்கச் சொல்லிப் பேசுகிறாள். நேற்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வராது அத்தை. அப்பாவே நிச்சயமா சொல்லிட்டாரு” என்றாள்.

ஆமாம் என்றேன்.

அக்கா